பள்ளிக்கூடத்தில் "விளையாட்டு"

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை முதலிய இடங்களில் நம் தோழர்கள் கூடிப் பேசும்போதெல்லாம் ஒரு புகார் கிளம்புகின்றது. அதாவது, சர்க்கார் ஆரம்பப் பள்ளிக்கூடங்களில் உபாத்தியாயர்கள் பாடம் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டு, பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்காரவைத்துக் கதை சொல்வதும், அட்டை பொறுக்கச் சொல்வதும், பொம்மையாட்டுவதும், ஆடுவதும் பாடுவதுமாகப் பொழுதைப் போக்குகிறார்கள் என்பதும், இப்படி விளையாடுவதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு, வீட்டிலேயே விளையாடமாட்டானா என்பதுமேயாகும். இப்படிச் சொல்லுகிறவர்கள் பணக்காரர்களும் அல்ல, வைதிகர்களும் அல்ல. பீடி சுற்றியும், கொத்து வேலை செய்தும், சீசனில் அருவிக்கரையில் பழக்கடை போட்டும் பிழைக்கிற நம்முடைய ஜனங்கள்தான் சொல்லுகிறார்கள். சொல்லிவிட்டு, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டுபோய், வாசலுக்கு மஞ்சள் வேன் அனுப்புகிற பள்ளிக்கூடத்தில் கட்டுகிறார்கள். ஆகையால் இதைப்பற்றி நாம் சற்று விரிவாகவே எழுதவேண்டியிருக்கின்றது.

அந்த வேன் பள்ளிக்கூடத்தில் பையன் என்ன கற்றுக்கொள்கிறான்? சேர்ந்த ஒரு மாதத்திற்குள் ஓர் ஆங்கிலப் பாட்டை ஒப்புவிக்கிறான். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவனைக் கூப்பிட்டு நடுக்கூடத்தில் நிறுத்திச் சொல்லச் சொல்லுகிறார்கள். அவனும் கையை ஆட்டிக்கொண்டு, மழையை விரட்டியடிக்கிற அந்த இங்கிலீஷ் பாட்டைக் கடகடவென்று சொல்லுகிறான். தாயாரும் தகப்பனாரும் பூரித்துப்போகிறார்கள். குற்றாலத்தில் ஜூன் மாதம் சாரல் விழாவிட்டால் பேரருவியில் தண்ணீர் இல்லை, ஐந்தருவியில் தண்ணீர் இல்லை, எண்ணெய் தேய்க்கிறவனுக்கும் பழம் விற்கிறவளுக்கும் அந்த வருஷத்துக் கூலி இல்லை. அந்தச் சாரலால் சோறு தின்கிற வீட்டுப் பிள்ளை மழையைப் போகச்சொல்லிப் பாடுகிறான்! அர்த்தம் தெரிந்திருந்தால் தகப்பனாரே அவன் வாயைப் பொத்தியிருப்பார். ஆங்கிலம் கூடாது என்று நாம் சொல்லவரவில்லை. எவ்வளவு ஆங்கிலம் படித்தாலும் நல்லதுதான். ஆனால், அர்த்தம் தெரியாமல் ஒலியை மாத்திரம் நெட்டுருப்போட்டால் அது ஆங்கிலமும் ஆகாது, படிப்பும் ஆகாது. அதற்கு நம் நாட்டில் வெகு காலமாக வேறொரு பெயர் உண்டு. மந்திரம் என்பார்கள். கல்யாணத்தில் புரோகிதர் சொல்லுவதை மாப்பிள்ளை திருப்பிச் சொல்லுவதற்கும், இந்தப் பையன் பாட்டுக்கும் நமக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. புரோகிதருக்கு எதிராக வரிந்து கட்டிக்கொண்டு பேசுகிற தோழர்களே தங்கள் பிள்ளையின் வாயில் மந்திரத்தைப் போடுவதற்குத் தவணை முறையில் பணம் கட்டுவது ஏன் என்றுதான் கேட்கிறோம்.

நிற்க, சர்க்கார் பள்ளிக்கூடத்தில் "விளையாட்டு" என்று கேலி செய்யப்படுவது என்ன என்பதைப் பார்ப்போம்.

ஐந்தாறு வயதில் பள்ளிக்கூடத்திற்கு வருகிற பிள்ளை மொழி தெரியாமல் வருவதில்லை. அழத் தெரிகிறது, கேட்கத் தெரிகிறது, கோள் சொல்லத் தெரிகிறது, பொய் சொல்லத் தெரிகிறது. இவ்வளவும் பேச்சில்தான் நடக்கிறது. இலக்கணப் புலவர் எவரும் வந்து சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியும், வேண்டியதைக் கேட்டும், சொன்னது விளங்காதபோது வேறுவிதமாகச் சொல்லியும் தானாகவே அடைந்தது அது. அப்படி மொழியைச் சம்பாதித்துக்கொண்டு வருகிற பிள்ளையைப் பழைய பள்ளிக்கூடம் முதல்நாளே என்ன செய்தது? "பேசாதே" என்றது. பேசக் கற்றுக்கொடுக்க ஏற்பட்ட இடத்தின் முதல் உத்தரவே பேசாதே என்பது! பிறகு, பேசினாலும் குற்றமாயிற்று. தென்காசிப் பக்கத்துப் பிள்ளை "அவிய வந்தாவ" என்றும், "சொல்லுதான்" என்றும் சொன்னால் அது கொச்சை என்று சொல்லித் தலையில் ஒரு குட்டு. குட்டு வாங்கிய பிள்ளை அன்றைக்குக் கற்றுக்கொள்வது "சொல்கிறான்" என்கிற சொல்லை அல்ல. தன் தாய் பேசுகிற பேச்சு கேவலமானது என்பதைத்தான். அந்தப் பாடம் அப்புறம் எந்தப் பட்டம் வாங்கினாலும் மறக்காது. செங்கோட்டை 1956 நவம்பர் 1-ந் தேதி திருவாங்கூர் பக்கத்தை விட்டு இங்கே வந்து சேர்ந்ததே, அங்குள்ள ஜனங்கள் தமிழ் பேசுகிறவர்கள் என்ற காரணத்தினால்தான். பேச்சைக் காட்டி ஊரைச் சேர்த்துக்கொண்டு, அந்தப் பேச்சைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவைப்பது என்ன நியாயம்?

பிள்ளையின் பேச்சிலிருந்து எழுத்துக்குப் போவதுதான் இந்த "விளையாட்டு"க்களின் உட்கருத்து. ஒரு காரியம் சொல்லுகிறோம். தென்காசி பஸ் நிலையத்தில் நிற்கிற பஸ்களின் பெயர்ப்பலகைகளை அட்டையில் எழுதிக்கொண்டுபோய் முதல் வகுப்புப் பிள்ளைகள் நடுவில் போடுங்கள். தென்காசி, செங்கோட்டை என்கிற இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரேமாதிரி என்ன இருக்கிறது என்று கேளுங்கள். எழுத்தே தெரியாத பிள்ளைகூட முன்னால் நிற்கிற கொம்பைத் தொட்டுக் காட்டும். தெ, செ என்று வாயால் சொல்லிப் பார்த்தால் அந்தக் கொம்பு என்ன வேலை செய்கிறது என்பது தானே விளங்கிவிடும். கடையம், கடையநல்லூர் என்கிற இரண்டையும் வையுங்கள். மூன்று எழுத்து மட்டும் ஒன்றாக இருந்து அப்புறம் பிரிந்துபோவதைக் கண்டுபிடித்துக் கூச்சல் போடும். ஆலங்குளம் பஸ் எது என்று ஒருவன் கேட்க, இன்னொருவன் அட்டையை எடுத்து நீட்ட, தப்பாக எடுத்தவனை மற்றவர்கள் திருத்த, அரைமணி நேரத்தில் அங்கே நடப்பது படிப்பா, விளையாட்டா? இந்த அட்டைகளுக்குச் செலவு என்ன? பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் போதுமே.

இதற்கு மாறாக நம் வழக்கம் என்னவென்றால், சுவரில் 247 எழுத்தும் போட்ட ஒரு படத்தை மாட்டி, பிரம்பால் ஒவ்வொன்றாகத் தொட்டு, வகுப்பு முழுவதையும் கத்தச் செய்வது. உண்மையில் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டியது உயிர் 12, மெய் 18, அவை சேரும்போது வருகிற ஒரு சில குறிகள், அவ்வளவுதான். இதில் உகர ஊகார வரிசைதான் ஒன்றுக்கொன்று ஒழுங்கில்லாமல் கொஞ்சம் தொல்லை கொடுக்கும். முன்னே இதைவிடத் தொல்லை இருந்தது. ணா, றா, னா என்பவைகளுக்கும், ணை, லை, ளை, னை முதலியவைகளுக்கும் தனித்தனியாகச் சுழித்து எழுதுகிற உருவங்கள் இருந்தன. பெரியார் 1935-ல் "குடி அரசு" பத்திரிகையில் அவைகளை நீக்கி ஒழுங்குபடுத்தி அச்சிட்டபோது தமிழ்த்தாய்க்குத் தாலி அறுந்துவிட்டதுபோல் பண்டிதர்கள் அழுதார்கள். சர்க்கார் அந்த எழுத்துக்களை ஏற்றுக்கொள்ள 1978 வரை ஆயிற்று. நாற்பத்து மூன்று வருஷம்! அதனால் ஆறு வயதுப் பிள்ளையின் தலையிலிருந்து இறங்கிய சுமை எவ்வளவு என்பது முதல் வகுப்பு நடத்துகிற உபாத்தியாயருக்குத்தான் தெரியும்.

இன்னொரு வேலையையும் சொல்லவேண்டும். சீசனில் குற்றாலம் கடைகளில் மங்குஸ்தான் பழம் வரும். ஒன்றை வாங்கிப் பையில் போட்டு மறைத்துவைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பிள்ளைகளையே கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். தின்கிறதா, உருண்டையா, என்ன நிறம், கொட்டை உண்டா, குரங்கு பிடுங்குமா என்று கேள்வி கிளம்பும். மற்ற வகுப்புகளில் கேள்வி கேட்கிறவர் உபாத்தியாயர், பதில் சொல்லுகிறவன் பிள்ளை. இங்கே தலைகீழ். கண்டுபிடித்தபிறகு பழத்தைத் திருப்பி அதன் அடியில் பூவிதழ்போல் இருக்கிற தடத்தை எண்ணச் சொல்லுங்கள். அங்கே எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. ஆறு இதழை எண்ணி ஆறு சுளை இருக்கும் என்று ஒருவன் சொல்லுவான். இருக்காது என்று ஒருத்தி சொல்லுவாள். உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது. சொன்னவன் உபாத்தியாயர் பிள்ளையா, துப்புரவுக்காரர் பிள்ளையா என்பதை அந்தப் பழம் பார்ப்பதில்லை. பிறகு கரும்பலகையில் "பழம்", "ஆறு", "சுளை" என்கிற வார்த்தைகளை எழுதினால் அவைகளை மறக்கிற பிள்ளை உண்டா? பகுத்தறிவுப் பாடம் என்று தனியாக ஒரு புத்தகம் வேண்டும் என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். ஒரு மங்குஸ்தான் பழம் போதும் என்பது நம் அபிப்பிராயம்.

இவையெல்லாம் சீமையிலிருந்து வந்த பித்தலாட்டம் என்று ஒரு கூட்டமும், இல்லை, நம் முன்னோர்கள் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மற்றொரு கூட்டமும் புறப்பட்டிருக்கின்றன. இரண்டும் அரை உண்மை. ஆண்ட்ரூ பெல் என்கிற ஸ்காட்லாந்து தேசத்துப் பாதிரி ஒருவர் 1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகளின் அநாதைச்சாலையை நடத்த வந்தார். நம்மூர்ப் பிள்ளைகள் ஒரு பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளிக்கூடத்தில் செய்யச் சொன்னார். அங்கிருந்த உபாத்தியாயர்களுக்கு அது மனமில்லாமல் போகவே, பிள்ளைகளில் ஒருவனையே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லுவது பெரியவர் சொல்லுவதைவிடச் சுருக்காக ஏறுவதைக் கண்டு, 1797-ல் லண்டனில் அதை எழுதி வெளியிட்டார். இங்கிலாந்து முழுவதும் "மதராஸ் முறை" என்ற பெயராலேயே அது பரவிற்று. இன்றைக்கும் ஸ்காட்லாந்தில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் என்கிற ஊரில் "மதராஸ் காலேஜ்" என்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கின்றது. நம் கடற்கரை மணலுக்கு அங்கே பெயர் கிடைத்தது. ஆனால் அந்த மணலில் விரல்வைக்க இங்கே யாருக்கு உரிமை இருந்தது? தீண்டப்படாதவன் பிள்ளைக்கு உண்டா? பெண்பிள்ளைக்கு உண்டா? திண்ணை என்பது உயர்ந்த ஜாதிக்காரன் வீட்டுத் திண்ணை. அதில் ஏறமுடியாத பிள்ளைக்கு அந்த முறை நல்லதாயிருந்தால் என்ன, கெட்டதாயிருந்தால் என்ன? பிரம்பும், கோதண்டம் போட்டுத் தொங்கவிடுவதும் வேறு. ஆகவே முன்னோர் பெருமையை நாம் மணலோடு நிறுத்திக்கொள்ளுகிறோம்.

மாண்டிசோரி அம்மையார் கதையும் இப்படித்தான். 1907-ல் ரோமாபுரியில் சான் லாரென்சோ என்கிற ஏழைத் தொழிலாளிகள் குடியிருந்த இடத்தில், தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக அந்த அம்மையார் தம் முதல் பள்ளியைத் தொடங்கினார். 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து, யுத்தத்தினால் திரும்பமுடியாமல் சில வருஷங்கள் இந்த நாட்டிலேயே தங்கி உபாத்தியாயர்களைப் பழக்கினார். இன்றைக்கு நம் பட்டணங்களில் "மாண்டிசோரி" என்ற பலகை தொங்குகிற இடத்தில் கூலிக்காரன் பிள்ளை நுழைய முடியுமா? கூலிக்காரனுக்காக ஏற்பட்டதைப் பணக்காரன் எடுத்துக்கொண்டான். அவனுடைய பிள்ளை மணியைக் கோத்து, மரத்துண்டை அடுக்கி, விளையாடிக்கொண்டே படிக்கிறது. அதற்கு ஏராளமாகச் சம்பளம் கட்டுகிறான். அதே காரியத்தைச் சர்க்கார் பள்ளிக்கூடம் ஏழைப் பிள்ளைக்கு இனாமாகச் செய்தால், நம்மவர்களுக்கு அது மாத்திரம் விளையாட்டாகத் தோன்றுகிறது. இனாமாய் வருவது எதுவும் மட்டமாகத்தான் இருக்கும் என்கிற எண்ணம் நம் ஜனங்களுக்கு எப்படி வந்தது என்பதை வேறொரு சமயம் எழுதுவோம்.

தமிழ்நாட்டில் இந்த முறை "செயல்வழிக் கற்றல்" என்கிற பெயரோடு 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13-ல் தொடங்கிற்று. ஆந்திர தேசத்தில் மதனப்பள்ளிக்குப் பக்கத்திலுள்ள ரிஷிவாலியில் கிராமப் பிள்ளைகளுக்காகச் செய்துவைத்திருந்த அட்டைகளைப் பார்த்துவந்து செய்தது. அப்போது மாநகராட்சிக் கமிஷனராயிருந்த எம்.பி. விஜயகுமார் அவர்கள் இதற்கு முக்கிய காரணம். அவர் பிறகு சர்வ சிக்ஷா அபியான் வேலைக்குப் போனபோது, 2007-2008-ல் மாநிலம் முழுவதும் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளில் பரவிற்று. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. கரும்பலகை பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்திற்கு இறங்கிவந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் எழுத இடம். பிள்ளை எழுதியதையும் வரைந்ததையும் தொங்கவிட மேலே கம்பிப் பந்தல். எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் என்னவென்றால், உபாத்தியாயர் நாற்காலியை விட்டிறங்கிப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார். உட்கார மாட்டேன், என் மரியாதை என்ன ஆவது என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. வட்டமாக உட்கார்ந்தால் முன் வரிசை எது, கடைசி வரிசை எது? எந்தத் தெருப் பிள்ளையைக் கடைசியில் தள்ளுவது? முணுமுணுப்பின் காரணம் முழுவதும் முட்டிவலிதான் என்று நாம் நம்பவில்லை.

அதிலிருந்த இன்னொரு நன்மை தென்காசி ஜில்லா போன்ற இடத்துக்கென்றே செய்தது போலிருந்தது. பாடங்களை ஏணிப்படிபோல் அட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிள்ளையும் தான் நின்ற படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்படி வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் திறப்பது ஜூன். குற்றாலத்தில் சாரல் தொடங்குவதும் ஜூன். கடை போட்ட வீட்டுப் பிள்ளை பத்து நாள் வராமல் போனால், பழைய வகுப்பில் பாடம் அவனைத் தாண்டிப்போய்விடும். திரும்பிவந்து உட்கார்ந்தால் ஒன்றும் விளங்காது. விளங்காதவனுக்கு மக்கு என்று பெயர். நாலு வருஷத்தில் அவனே பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிடுவான். அட்டை முறையிலோ அவன் விட்ட படி அவனுக்காகக் காத்திருக்கும்.

இவ்வளவு நல்ல முறை என்றால் பிள்ளைகளெல்லாம் வாசித்திருக்கவேண்டுமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. "அசர்" என்கிற கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடியவர்கள் 2018-ல் நூற்றுக்குப் பத்துப் பேர்தான். 2022-ல் ஐந்து பேருக்கும் குறைவு. பிந்தியதற்கு, 2020 மார்ச் முதல் 2021 நவம்பர் வரை கொரோனாவால் ஆரம்பப் பள்ளிகள் மூடிக்கிடந்ததைக் காரணம் சொல்லலாம். முந்தியதற்கு என்ன காரணம் சொல்லுவது? நாம் கண்ட காரணம் இது. நல்ல முறை ஒன்று கிடைத்தால் அதையும் ஒரு சடங்காக ஆக்குவதில் நம்மவர்கள் சமர்த்தர்கள். எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறான் என்று பார்ப்பதற்காக ஏற்பட்ட ஏணி, பிள்ளை ஏறினானோ இல்லையோ, ஏறியதாகக் குறித்துவைக்கவேண்டிய ஏணியாயிற்று. அட்டை கிழிந்தால் மறு அட்டை இல்லை. அட்டையிலுள்ள படத்தைக் காட்டிவிட்டால் பாடம் முடிந்தது என்றாகிவிட்டது. தீபாராதனை காட்டியதும் பூஜை முடிந்துபோவதுபோல.

2022 ஜூனில் "எண்ணும் எழுத்தும்" என்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வேறொரு திட்டம் வந்தது. அடுத்த வருஷம் நாலு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீட்டினார்கள். பிள்ளைகளை வகுப்பைப் பார்த்துப் பிரிக்காமல், தெரிந்ததைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரித்து, கதை, பாட்டு, பொம்மலாட்டம், வாசிப்பு என்று ஒவ்வொன்றிற்கும் வகுப்பில் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் இதிலும் அந்தப் பழைய வியாதி தொற்றியிருக்கிறது. பிள்ளையோடு பேசவேண்டிய நேரத்தில் உபாத்தியாயர் கைபேசியில் மதிப்பீட்டைப் பதிவேற்றிக்கொண்டிருக்கவேண்டியிருக்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் வெளிப்படையாகவே கூக்குரலிட்டன. சட்டமோ 60 பிள்ளைகள் வரையில் இரண்டு உபாத்தியாயர் போதும் என்கிறது. ஐந்து வகுப்பு, இரண்டு பேர். அதில் ஒருவர் தலைமை உபாத்தியாயர். அவருக்குச் சாப்பாட்டுக் கணக்கு, சீருடைக் கணக்கு, கூட்டம், பயிற்சி. மிச்சமிருக்கிற ஒருவர் ஐந்து வகுப்பையும் பேசவைக்க வேண்டும். இந்த நிலைமையில் எந்த மேலான முறையும் கத்தி ஒப்புவிக்கிற முறையாகத்தான் திரும்பிப்போகும். ஏனெனில், ஒரே ஆளைக்கொண்டு அறுபது பிள்ளைகளைக் கட்டிவைக்கக்கூடியது அது ஒன்றுதான்.

குற்றாலத்தில் வெகு காலம் வாழ்ந்து 1954-ல் மறைந்த டி.கே.சி. அவர்களைத் தென்காசிக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அவருடைய கம்பனோடு நமக்கு ஒத்துக்கொள்ளாது. ஆயினும், தமிழை ஏட்டில் பார்த்துப் பொருள் எழுதுவதை விட்டு, வாய்விட்டுச் சொல்லி, காதால் கேட்டு, கூடியிருந்து பேசி அனுபவிக்கவேண்டும் என்று அவர் பெரிய மனிதர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஜட்ஜுகளும் வக்கீல்களும் அதைக் கேட்க ரயிலேறி வந்தார்கள். வயது வந்தவர்களுக்கு ரசனையாயிருந்தது ஆறு வயதுப் பிள்ளைக்கு மாத்திரம் எப்படி வீண்பொழுதாகும்?

ஆகவே தோழர்கள் செய்யவேண்டிய காரியம் ஒன்று இருக்கின்றது. 2009-ம் வருஷத்து இலவசக் கட்டாயக் கல்விச் சட்டப்படி ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள். பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டிருக்கிற தாயார்தான் அதன் அங்கத்தினர். கூட்டத்திற்குப் போய் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டாம். எத்தனை பாடம் முடிந்தது என்று கேட்கவேண்டாம். இந்த மாதம் என் பிள்ளை வகுப்பில் என்ன கேள்வி கேட்டாள் என்று உபாத்தியாயரைக் கேளுங்கள். இரண்டாவது உபாத்தியாயருக்குப் பதிவேற்ற வேலை எவ்வளவு, மூன்றாவது உபாத்தியாயர் ஏன் இல்லை என்று தீர்மானம் எழுதச் சொல்லி அதில் கையெழுத்துப் போடுங்கள். வீட்டுக்கு வந்து, பிள்ளையைக் கூப்பிட்டுப் பாட்டை ஒப்புவிக்கச் சொல்லாமல், பீடிக்கட்டின் மேல் ஒட்டியிருக்கிற சீட்டை எடுத்துக் கொடுத்து, இதில் எந்த எழுத்து உனக்குத் தெரியும், எது தெரியாது என்று கேளுங்கள். தெரியாததை மறுநாள் பள்ளிக்கூடத்தில் கேட்டுக்கொண்டு வரச்சொல்லி அனுப்புங்கள்.